கஞ்சி போட்ட கணக்கு

ஆனி 8, ஞாயிறு

தண்ணீர் மோட்டார் மறுபடியும் மக்கர். ஆள் கூட்டி வருகிறேன் என்று கீழ்வீட்டுக்காரர் சொல்லி நாளாகிறது. இருந்த தண்ணீரில் தோசையும் தக்காளிக் குழம்பும் ஆயிற்று.

படியில் கீழ்வீட்டம்மா நிறுத்தி, "உங்க பேத்தி இன்னும் என்னதானுங் படிக்குது, வயசு போகுதே" என்றாள். விளக்கமாகவே சொன்னேன். உருகின உலோகம் தண்ணீர் போல ஓடும். அதற்குள் கரண்டு பாய்ந்து பக்கத்தில் காந்தமும் இருந்தால், யாரும் தொடாமலே அது சுழலும், எழும்பும். எவ்வளவு சுழலும், எவ்வளவு எழும்பும் என்று உலையைப் பற்ற வைக்காமலே கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வதுதான் கோகிலாவின் படிப்பு. முடித்தால் டாக்டர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, அதற்கும் மேலே. அந்தம்மாள் அப்படியே இறங்கிப் போனாள்.

எனக்கு இதெல்லாம் கோகிலா சொல்லித் தந்ததுதான். தொட்டியில் இருக்கிற உலோகத்தைப் பொடிப் பொடிக் கட்டங்களாக வெட்டிக்கொள்வார்களாம். ஒவ்வொரு கட்டமும் அக்கம்பக்கத்துக் கட்டங்களைக் கேட்டுத்தான் நகரும். "காந்தம் உலோகத்தத் தள்ளும் அம்மிச்சி. உலோகம் நகர்ந்தா காந்தத்தோட போக்கு மாறும். மறுபடி எல்லாக் கட்டத்தையும் மொதல்லருந்து கேக்கணும்."

"அப்ப ஓயவே ஓயாதா?"

"ஓயாது. நீங்களும் கலாமணி அத்தையும் பேசிக்கற மாதிரித்தான்."

கலாமணி என் மருமகள். மகன் மயில்சாமி, அலுமினியப் பட்டறையில் உலை சூப்பர்வைசர். கோகிலாவின் அம்மா, என் மகள், போன பிறகு அந்தப் பிள்ளையைப் படிக்க வைத்தவன் அவன்தான். இப்போது அவனே தன் மொதலாளியை இவளுடைய புரொபசரிடம் கூட்டிப் போயிருக்கிறான். பட்டறையில் இதுவரை உலை வாயில் ஆள் நின்று நீளக் கம்பியால் கிண்டுகிறார்கள். இனி தொட்டிக்கு அடியில் காந்தம் வைத்துக் கிண்டப் போகிறார்கள். எவ்வளவு கரண்டு கொடுத்தால் உலோகம் விளிம்பு தாண்டாது என்று கோகிலாவின் கணக்குச் சொல்லும். மாமன் உலை, மருமகள் கணக்கு. சொந்தத்தில் இன்னும் தெரியாதவர்கள் யாரும் இல்லை. நான் இருக்கும்போது எப்படித் தெரியாமல் போகும்.

ஆனி 15, ஞாயிறு

நூல் சேலைகளுக்குக் கஞ்சி போட்டேன். கோகிலா ஒரு முனையைப் பிடித்துப் பிழிந்தாள். பிழியும்போதே சிரித்தாள்.

"எங்க லேப்லயும் இதேதான் பண்றோம்."

கணக்கு ஓடத் தொடங்கும்போது சில சமயம் எண்கள் கன்னாபின்னாவென்று எகிறி, கம்ப்யூட்டர் நின்றுவிடுமாம். அதற்காக உலோகம் நிஜத்தில் இருப்பதைவிடக் கெட்டியாக, கூழ் மாதிரி இருப்பதாக ஒரு எண்ணைச் சேர்ப்பார்களாம். கெட்டியானது துள்ளாது, கணக்கு விறைப்பாக நிற்கும். அதற்கு அந்த லேபில் கஞ்சி என்றே பேர். எப்போதோ படித்துப் போனவர்கள் வைத்தது. யாருடைய கணக்காவது எகிறினால், கஞ்சி போட்டியா என்றுதான் முதலில் கேட்பார்களாம்.

"நிதானத்துக்கு வந்ததும் எடுத்தறணும். அதான் மொறை."

"எடுப்பீங்களா?"

"எடுத்தா மறுபடி எகிறுதே. பாதிப் பேரு அப்படியே விட்டுருவாங்க."

"நீ?"

சேலையை உதறிக் கயிற்றில் போட்டாள். "கொஞ்சம் இருந்தாத் தப்பில்லைன்னு புரொபசர் சொல்லுவாரு."

பட்டறைக்குக் கணக்கைக் கொடுத்தாயிற்று. மொதலாளிக்கு ரொம்பத் திருப்தி என்று மயில்சாமி போனில் சொன்னான். ஆடி பிறந்துவிட்டால் புதுசாக எதையும் தொடமாட்டார்கள், அதனால் ஆனிக்குள் பூஜை போட்டு ஓட்டிவிட வேண்டுமாம். "மொதலாளி கேக்கறாருங்கம்மா, அந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன வேணும்னு. என்ற அக்கா மகள்னு சொன்னேன். எந்திரிச்சு நின்னு கை குடுத்தாருங்." அதையே ரெண்டு தடவை சொன்னான். நானும் ரெண்டு தடவை கேட்டேன்.

ஆனி 20, வெள்ளி

ரசமும் சாதமும் கோகிலா தட்டில் அப்படியே இருக்கிறது. வெயில் காலத்தில் படிக்கிற பிள்ளைகளுக்கு இப்படித்தான் ஆகும்.

ஆனி 23, திங்கள்

கோகிலா குளிக்கப் போய் ரொம்ப நேரம் வரவில்லை. குழாயை மூடாமல் விட்டிருந்தாள். மோட்டார் இப்போதுதான் சரியாகியிருக்கிறது, இப்படியா கொட்டுவது என்று கதவைத் தட்டினேன். கண் சிவந்து வந்தாள். சோப்பு பட்டிருக்கும்.

அப்புறம் அவளாகவே என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். டாக்டர் பட்டப் பரீட்சைக்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று கஞ்சியை எடுத்திருக்கிறாள். தொட்டிச் சுவரை ஒட்டி பாலாடை மாதிரி ஒரு மெல்லிய ஏடு இருக்குமாம், காந்தத்தின் பிடியெல்லாம் அங்கேதானாம். கட்டங்கள் பெரிதாக இருந்ததால் அந்த ஏடு கணக்கிலேயே சரியாக விழவில்லை. அங்கே மட்டும் பொடியாக வெட்டி, நிதானமாக ஓட்டியிருக்கிறாள். இந்தத் தடவை கணக்கு நிற்கவில்லை. முழுசாக ஓடி முடிந்தது. ஆனால் உலோகம் அடங்கவில்லை. பக்கவாட்டில் ஆடி, ஆட்டம் ஏறிக்கொண்டே போய், விளிம்பைத் தாண்டுகிறது.

"மொதல்ல பார்த்தது உலோகத்தோட அமைதி இல்ல அம்மிச்சி. நான் போட்ட கஞ்சியோட அமைதி."

"உன்ற புரொபசர் என்ன சொன்னாரு?"

"பரீட்சை முடியட்டும், அப்புறம் திருத்திக்கலாங்கறாரு. கம்பெனிக்காரங்க எப்படியும் கொஞ்சம் கொறச்சுத்தான் ஓட்டுவாங்களாம். இப்ப எதையும் எழுத்துல அனுப்பாதேன்னுட்டாரு."

பெரிய படிப்புப் படித்தவர், அவருக்குத் தெரியாதா என்றேன். என் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். தலையில் எண்ணெய் வைத்துவிட்டேன். முடி கையோடு வருகிறது.

ஆனி 27, வெள்ளி

புரொபசர் கோகிலாவைச் சென்னைக்குக் கூட்டிப் போகிறார். அங்கே பெரிய கம்ப்யூட்டர் இருக்கிறதாம், ஏதோ கருத்தரங்கும் இருக்கிறதாம். பை அடுக்கிக்கொண்டே இருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"மாமாவுக்கு அடிச்சா எடுக்க மாட்டேங்கறாரு. பட்டறைக்குள்ள போனை விடமாட்டாங்க. அவரு கூப்படறப்ப எனக்குப் பக்கத்துல புரொபசர் இருக்காரு." கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டே, "எனக்கும் அவருகிட்டச் சொல்ல வாய் வரலை அம்மிச்சி. மொதலாளி எந்திரிச்சு நின்னாருன்னு எப்படிச் சொன்னாரு. இப்பப் போயி, கணக்குத் தப்புங்க மாமான்னு..."

"நான் சொல்லிக்கறேன். ஞாயித்துக்கெழமை எப்படியும் கூப்புடுவான்."

"பாதிக்கு மேல கரண்டு வைக்க வேண்டாம். அது போதும். ஏன்னு கேட்டா நான் வந்து சொல்றேன்னு சொல்லுங்க. மறந்தறாதீங்க."

"என்ற மகன் என்ற பேச்சைத் தட்டினதில்ல. நீ நிம்மதியாப் போயிட்டு வா சாமி."

என்னைக் கட்டிக்கொண்டாள். வழிக்குத் தக்காளிச் சாதம் கட்டிக் கொடுத்தேன். ஊறுகாய் கசிந்துவிடும் என்று வைக்கவில்லை.

ஆனி 29, ஞாயிறு

மயில்சாமி கூப்பிட்டான். போனைச் சத்தமாக எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்திருந்தான். கலாமணியின் அண்ணன் குடும்பம் விருந்துக்கு வந்திருக்கிறதாம். கோழி மணக்கிறதா என்று கேட்டான். சிரித்தேன்.

பின்னாலிருந்து கலாமணி, "அத்தை, டாக்டரம்மா கணக்கு நெசமாவே வேலை செய்யுமா, இல்ல நாங்க செவ்வாக்கெழமை வீட்டோட இருந்துக்கறதா?" என்றாள். அவள் அண்ணன்காரன் சத்தமாகச் சிரித்தான். இத்தனை வருஷமாக, பொட்டப்பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு படிப்பு என்று கேட்ட வாய் கலாமணியுடையது. அவனும் சேர்ந்து கேட்டவன்தான்.

"என்ற பேத்தி கணக்குல தப்பு வருமா? உங்க வீட்ல அப்படி ஒருத்திய காட்டு, பார்க்கலாம்" என்றேன்.

"போட்டாங்க பாரு ஒரு போடு" என்று மயில்சாமி சிரித்தான். "செவ்வாக்கெழமை பூஜைங்கம்மா. கோகிலா ஏதாச்சும் சொன்னாளா?"

சொல்ல வாயெடுத்தேன். அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். "நல்லாப் பண்ணச் சொன்னா" என்றேன். அப்புறம் தோட்டத்துப் பேச்சு வந்துவிட்டது. தென்னைக்கு வண்டு விழுகிறதாம்.

நாளைக்கு அவன் தனியாக இருக்கும்போது சொல்லிக்கொள்ளலாம். செவ்வாய்க்கு முன்னால் முழுசாக ஒரு நாள் இருக்கிறது.

ஆனி 30, திங்கள்

சென்னையிலிருந்து கோகிலா.

"சொல்லிட்டீங்களா அம்மிச்சி?"

"ஆச்சு."

"பாதிக்கு மேல வேண்டாம்னு?"

"ஆச்சுங்கறேன்ல."

"என்ன சொன்னாரு?"

"சரின்னான்."

அவள் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. நேற்றிலிருந்து சாப்பிடவே இல்லையாம், இப்போது போய்ச் சாப்பிடுகிறேன் என்றாள். இன்றைக்குச் சொல்லத்தானே போகிறேன், அதனால் இது பொய்யில் சேராது.

மயில்சாமி போனை எடுக்கவில்லை. வீட்டுக்கு அடித்தால் கலாமணி எடுத்தாள். பூஜை வேலையாகப் பட்டறையிலேயே இருக்கிறார், ஏதாவது சொல்லணுமா அத்தை என்றாள். ஒன்றுமில்லை, சும்மாதான் என்றேன்.

ஆனி 31, செவ்வாய்

விடிந்ததிலிருந்து போன் அடிக்கிறேன். எடுக்கவில்லை. பூஜையில் இருப்பான்.

ஆனி 32, புதன்

மயில்சாமி ஆஸ்பத்திரியில் இருக்கிறான். பட்டறையில் பிட்டர் வேலை பார்த்த குமரேசன் போய்விட்டான். அவனுக்குச் சின்னச் சின்னதாக ரெண்டு பெண் குழந்தைகள்.

ஆடி 2, வெள்ளி

தீக்காய வார்டுக்குள் ஒருவரைத்தான் விடுகிறார்கள். கலாமணி உள்ளே. நான் வெளி பெஞ்சில். பட்டறையில் வேலை செய்கிற ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நான் கேட்காமலே சொன்னார்.

பூஜைக்காகத் தரையைக் கழுவிவிட்டுத் தொட்டியைச் சுற்றிக் கோலம் போட்டிருக்கிறார்கள். "உருகுன அலுமினியம் ஈரத்துல பட்டா குண்டு மாதிரி வெடிக்குமுங்க. உலைப் பக்கம் நாங்க எச்சில்கூடத் துப்பமாட்டோம். மத்த நாளா இருந்தா நம்ம சூப்பர்வைசரே தண்ணிக் கொடத்த எட்டி ஒதச்சிருப்பாரு."

"அன்னைக்கு ஏன் விட்டான்?"

"உலோகந்தான் வெளிய வராதே, என்ற மருமக கணக்குப் போட்டிருக்கா, கோலம் போடுங்கன்னு அவருதானுங் சொன்னாரு."

முதலில் உலோகம் லேசாக ஆடியபோது எல்லோரும் கை தட்டினார்களாம். கரண்டைக் கணக்கில் சொன்ன அளவுக்கு ஏற்றினார்கள். ஆட்டம் பக்கவாட்டில் போனது. நிறுத்து என்று மயில்சாமி கத்தியபோது ஒரு பக்கம் எழும்பித் தாண்டிவிட்டது. குமரேசன் கற்பூரத் தட்டோடு அந்தப் பக்கம்தான் நின்றானாம்.

அவர் எனக்கு டீ வாங்கி வந்தார். குடித்தேன்.

ஆடி 4, ஞாயிறு

என்னை உள்ளே விட்டார்கள். ஒரு கண்ணைக் கட்டியிருக்கிறார்கள். மற்றது திறந்திருக்கிறது. கழுத்திலிருந்து கீழே துணிதான். ஸ்பூனால் தண்ணீர் கொடுத்தேன், என் கையைப் பார்த்துக் குடித்தான். சின்ன வயசில் காய்ச்சல் வந்தால் இப்படித்தான்.

"கோகிலா ஒண்ணுமே சொல்லலியாம்மா? அவளுக்குத் தெரியாமயாப் போச்சு?"

"பேசாத சாமி. காயம் இழுத்துக்கும்."

ஆடி 6, செவ்வாய்

கோகிலா வார்டுக்கு வரக்கூடாது, வந்தால் நடக்கிறதே வேறு என்று கலாமணி சொல்லிவிட்டாள். நான் எதிர்த்துப் பேசவில்லை. அவள் புருஷன் கிடக்கிற கிடையில் பேசத்தான் செய்வாள். ரெண்டு பேரும் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளாமல் இருப்பதே நல்லது.

வீட்டில் கோகிலா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள்.

"நீங்க சொல்லியும் மாமா ஏன் ஓட்டுனாரு அம்மிச்சி?"

"மொதலாளிக்கு அவசரம். ஆடி பொறந்துருமேன்னு."

"என் பேச்சுமேல அவருக்கு நம்பிக்கை இல்ல போல."

அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை. பருப்புப் போட்டுக் கடைந்த கீரை வைத்தேன். ரெண்டு பேருக்கும் இறங்கவில்லை.

ஆடி 9, வெள்ளி

குமரேசன் வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள் கோகிலா. நான் வேண்டாம் என்றேன். போய்விட்டு வந்தாள். என்ன நடந்தது என்று சொல்லவில்லை. துப்பட்டாவில் ஒரு ஓரம் கிழிந்திருந்தது. தைத்துவிட்டேன்.

ஆடி 13, செவ்வாய்

பரீட்சையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்தக் கஞ்சி எண்ணை எடுக்கச் சொல்லி நான் எப்போதோ சொன்னேன், பெண்தான் மறந்துவிட்டாள் என்று புரொபசர் விசாரணையில் சொல்லியிருக்கிறார். அவர் வீட்டுக்கு நான் இட்லிப்பொடி இடித்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

கோகிலா இருந்தது இருந்தபடி எழுதிக் கொடுத்துவிட்டாள். கஞ்சி போட்டது, எடுக்காமல் கணக்கைக் கொடுத்தது, தப்புத் தெரிந்தும் எழுத்தில் அனுப்பாதது எல்லாம். கடைசியில் ஒரு வரி. ஓட்டுவதற்கு முன்பே என் பாட்டி மூலமாக மாமாவுக்குச் சொல்லி அனுப்பினேன், பாட்டி சொல்லியும் விட்டார்.

"அதை எதுக்குக் கண்ணு எழுதுன?"

"நடந்தது அதானே. எழுதாம விட்டா அதுவும் மறச்ச மாதிரி ஆயிரும்."

இந்தக் கடிதத்தினால் மாமாவுக்கு ஒன்றும் வராதா என்று கேட்டேன். முகத்தை மூடிக்கொண்டாள். "வரும் அம்மிச்சி. தெரிஞ்சே ஓட்டுனாருன்னு ஆகும். கேசு அவரு மேல போகும். எனக்குத் தெரியாதா? மூணு நாளா எழுதி எழுதிக் கிழிச்சேன்."

இன்று வெயில் அதிகம். எனக்குத் தலை சுற்றலாக இருந்ததால் சீக்கிரம் படுத்துவிட்டேன்.

ஆடி 16, வெள்ளி

ஆடி வெள்ளி. கோயிலுக்குப் போகவில்லை.

ஆடி 20, செவ்வாய்

இன்று மத்தியானம் வார்டுக்கு ரெண்டு அதிகாரிகள் வந்தார்கள். ஒருவர் போலீஸ். ஒருவர் தொழிற்சாலைகளைச் சோதிக்கிறவர். கோகிலாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவள் கதவுக்கு வெளியிலேயே நின்றாள். கலாமணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் கட்டில் தலைமாட்டில்.

தொழிற்சாலைக்காரர் கடிதத்தைப் படித்தார். "பாதிக்கு மேல கரண்டு வைக்க வேண்டாம்னு உங்க அம்மா மூலமா ஏற்கனவே தகவல் குடுத்ததா இதுல இருக்கு. வந்துச்சா?"

மயில்சாமி அந்த ஒரு கண்ணால் அவரைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். நான் போர்வையைச் சரி செய்தேன்.

"வந்துச்சுங்க. அம்மா சொன்னாங்க. நாந்தான் கேக்கல."

கலாமணி, "ஏனுங்க, என்ன பேசறீங்க? அன்னைக்கிப் போனு என்ற பக்கத்துலதான இருந்துச்சு, அத்தை எங்க..." என்றாள்.

"நீ சும்மா இரு."

"தெரிஞ்சேதான் ஓட்டுனீங்களா? ஒரு உசுரு போயிருக்குங்க. இப்படிச் சொன்னா முழுசா உங்க மேலதான் வரும்" என்றார் போலீஸ்காரர்.

"தெரியுங்க."

கோகிலா உள்ளே வந்துவிட்டாள். கலாமணியின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். என் பேத்தி கெட்டிக்காரி, எதையும் ரெண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை. அதிகாரி பக்கம் திரும்பி, "சார், அந்தக் கடைசி வரி பொய்ங்க. நான் யாருகிட்டயும் சொல்லி அனுப்பல. பேரு கெட்டுருமேன்னு அப்படி எழுதிட்டேன். மாமாவுக்கு எதுவுமே தெரியாது. என்னக் காப்பாத்தறதுக்காகப் பேசறாரு" என்றாள்.

"கோகிலா, வெளிய போ" என்றான் மயில்சாமி. அவ்வளவு சத்தமாகப் பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இருமல் வந்துவிட்டது.

"ஆளுக்கொண்ணு சொன்னா நாங்க எதைங்க எழுதறது?" தொழிற்சாலைக்காரர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. நடுவுல இருந்தது நீங்கதான். சொன்னீங்களா, சொல்லலியா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் அஞ்சாவது வரைக்குந்தானுங் படிச்சிருக்கேன். கரண்டு, காந்தம்னு இவங்க பேசிக்கறது எனக்கு எங்கீங் புரியும்?"

அப்படித்தான் சொன்னேன். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அவர் பேனாவை மூடி, இன்னொரு நாள் வருகிறோம் என்றார். அதிகாரிகள் பின்னாலேயே கோகிலா இறங்கிப் போனாள். வராந்தா முடிகிற வரைக்கும் அவள் பேசிக்கொண்டே போவது கேட்டது. கலாமணி மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள்.

நானும் அவனும் மட்டும் இருந்தோம். உதடு காய்ந்து வெடித்திருந்தது. தம்ளரில் தண்ணீர் ஊற்றி ஸ்பூனை வாய்க்குக் கொண்டு போனேன்.

"வெச்சிருங்கம்மா" என்றான். "கலாமணி வரட்டும்."

கலாமணி வர ரொம்ப நேரமாயிற்று. மருந்துக் கடையில் கூட்டமாம். அதுவரைக்கும் அவன் தண்ணீர் கேட்கவில்லை. நான் தம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.